சத்தத்தைத் தாங்களே கொண்டு வரவும்

ஹாலித்தின் பழைய ஹெட்போன் ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தால் இவ்வளவு வம்பு வந்திருக்காது. அது பாதி உயிரோடு இருந்தது. பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, சார்ஜும் தாங்கியது. வெளிச்சத்தத்தை அடக்கும் வேலையை மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டது. அவன் அதை வாங்கியதே அந்த வேலைக்காகத்தான்.

ஹாலித்துக்குப் பிழைப்பே காதில்தான். வெளிநாட்டு டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அவன் கே.கே. நகர் ஃபிளாட்டில் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவான். டாக்டர் இடது சிறுநீரகம் என்றதை வலது என்று அடித்ததற்கு ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. நன்றாக இருந்த ஒருவரைக் காலமானார் என்று அடித்ததற்கு இன்னொன்று. மூன்றாவது தடவை நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனி எழுதியிருந்தது. அவன் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறான் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு தவறுமே மாலை ஏழு மணிக்கு நேர்ந்தவை. ஏழு மணிக்குத்தான் பக்கத்து ஃபிளாட் அற்புதசாமிக்கு அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் டெல்பினிடமிருந்து போன் வரும். அற்புதசாமி பாய்லர் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்மட்டி அடிக்கு நடுவே பேசிப் பழகியவர். காது மந்தமாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. "சாப்ட்டியாம்மா?" என்று அவர் மகளைக் கேட்டால் தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஒரு கணம் கையை நிறுத்துவார்கள். அயர்லாந்தில் மழையா வெயிலா என்பது மூன்று மாடிக்கும் தெரியும். மகள் வாங்கி அனுப்பிய காது மெஷினை, அது கிழவர்கள் போடுவது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஹாலித் கடன்பட்டவன். அவன் மனைவி மஹ்ஜபீனுக்கு வலி எடுத்த அன்று அவன் சென்னையில் பயிற்சியில் இருந்தான். அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவர் அற்புதசாமி. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் "டாக்டரம்மா!" என்று கூப்பிட்டதில் டாக்டர் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தாராம். குழந்தை ஷஹனாஸ் நல்லபடியாகப் பிறந்தாள்.

"தம்பி, நான் போன் பேசுறது உங்க வேலைக்குத் தொந்தரவா இருக்கா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"இல்லவே இல்ல அங்கிள்!" என்று ஹாலித் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். அவரிடம் பேசுவதென்றால் அப்படித்தான் பேச வேண்டும்.

அன்றிலிருந்து இந்த விஷயம் அவர் காதில் மட்டும் விழக் கூடாது என்பதில் அவன் பிடிவாதமாக இருந்தான். அவர் காதில் எதுவும் லேசில் விழாது என்பது ஒரு வசதி.

இந்த நிலையில்தான் ஹெட்போன் செய்த 'நிசப்தம்' கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. பழைய அமைதியைக் கொடுத்துப் புதிய அமைதியைப் பெற்றுச் செல்லுங்கள் என்று அழைத்திருந்தார்கள்.

தில்லை நகரில் இருந்த அந்தக் கடைக்குக் கடை என்று பெயரில்லை, அமைதி மையம் என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்குத் துணி உறை போட்டுக்கொள்ள வேண்டும். டோக்கன் எண்ணை வாய்விட்டுக் கூப்பிட மாட்டார்கள். சுவரில் ஒரு விளக்கு எரியும். காலையில் வந்த ஒருவர் அந்த அமைதியில் அசந்து தூங்கி, தன் விளக்கு எரிந்து அணைந்தது தெரியாமல் மதியம்வரை உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பவும் அங்கே அனுமதி இல்லை.

ஹாலித்துக்கு வாய்த்தவர் சித்தார்த்தன். சட்டைப் பையின் மேல் 'மூத்த அமைதித் தோழர்' என்று வில்லை குத்தியிருந்தார்.

"மெதுவா சார்" என்றார், ஹாலித் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"பழச மாத்திப் புதுசு எடுக்கணும்."

"மாத்துறதுன்னு சொல்லாதீங்க சார். மேம்பாடு."

முதலில் பழையதற்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சி நடந்தது. ஹெட்போனைச் சிவப்பு வெல்வெட் மெத்தையில் வைத்தார்கள். நான்கு தோழர்கள் தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அங்கே எப்போதுமே மௌனம்தான் என்பதால் அஞ்சலி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஹாலித்துக்குப் புரியவில்லை. பிறகு சித்தார்த்தன் கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்து அவன் தலையில் மாட்டினார்.

"வெளிச்சத்தம் ஏதாவது கேக்குதா சார்?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தான வேலை செய்யுது?"

"இங்க சத்தமே இல்லையே சார்!"

"ஆமா" என்று சித்தார்த்தன் மகிழ்ந்தார். "அதுதான் எங்க பெருமை. ஆனா கெட்டுப்போச்சுன்னு நிரூபிச்சாதான் மேம்பாடு தர முடியும். நிரூபிக்கச் சத்தம் வேணும்."

"சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

சித்தார்த்தன் ஹெட்போனைக் கழற்றி இன்னொரு தோழரிடம் கொடுத்துவிட்டுப் பின்சுவரைக் காட்டினார். 'சத்தத்தைத் தாங்களே கொண்டு வரவும்' என்று அழகான எழுத்தில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"போன்ல பதிவு பண்ணிக் கொண்டாரட்டுமா?"

"முன்னாடி ஒத்துக்கிட்டிருந்தோம் சார். ஒருத்தர் அடுத்தவங்க சத்தத்தக் கொண்டாந்து ஹெட்போன் வாங்கிட்டுப் போயிட்டார். இப்ப ஒரிஜினல் மட்டும்தான்." அவர் இன்னும் நெருங்கி வந்தார். "வெளியில எங்கள சத்தத்துக்கு எதிரின்னு நெனைக்கிறாங்க. எங்களுக்குச் சோறு போடுறதே சத்தம்தான் சார். போன வருஷம் நாட்டுல சத்தம் குறையுதுன்னு ஒரு தகவல் வந்துச்சு. எங்க தலைமை ஆபீஸ்ல அன்னிக்கு ஒருத்தரும் சாப்பிடல. அப்புறம் தப்பான தகவல்னு தெரிஞ்சு எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாங்க."

"சரி, அந்தப் பழசக் குடுங்க. சத்தம் கிடைச்சதும் வரேன்."

"விடைகொடுத்தாச்சே சார். திருப்பித் தர விதி கிடையாது. சீல் வெச்சு எங்க ஸ்ரீரங்கம் சோதனைக் கூடத்துக்கு அனுப்பிட்டோம். கவலப்படாதீங்க, கொள்ளிடம் தாண்டாது."

ஹாலித் பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் வெளியே வந்தான். தில்லை நகர் முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சத்தை உள்ளே எடுத்துப்போக வழியில்லாமல் வண்டியைக் கிளப்பினான்.

மறுநாள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனான். சித்தார்த்தன் அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"இதுல சுவிட்ச் இருக்கே சார். சுவிட்ச் இருக்கிற சத்தத்துக்கு ஹெட்போன் எதுக்கு?"

அடுத்த நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டில் ஓயாமல் வீறிடும் ஷஹனாஸ், கடையின் குளிர்ச்சியில் கண்ணயர்ந்துவிட்டாள். ஒருவழியாக அவளைக் கிள்ளி அழவைத்தபோது சித்தார்த்தன் தலையை ஆட்டினார்.

"குழந்தை அழுறது சத்தத்துல வராது சார். எங்க பட்டியல்ல அது பாசம். சுவிட்ச் இருக்கக் கூடாது, சொந்தமா இருக்கக் கூடாது, தினசரி வரணும். அப்படி யாராவது இருக்காங்களா?"

ஹாலித் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். அதைப் பார்த்தே சித்தார்த்தனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடக்கும் கம்பெனி அது. "பேர் சொல்லுங்க சார்" என்று கேட்டு விண்ணப்பத்தைத் தட்டத் தொடங்கினார். வாசகங்கள் எல்லாம் தயாராக இருந்தன. பெயரை மட்டும் சேர்த்தால் போதும். ஹாலித் கீழே கையெழுத்துப் போட்டதும், அவரை ஸ்ரீரங்கம் சோதனைக் கூடத்துக்கு நேரில் அழைத்து வர நாள் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மஹ்ஜபீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா! இதுக்கு நேராவே சொல்லிடலாமேங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க அங்கிள்னு."

"மெதுவாப் பேசுங்கன்னு நான் அவருகிட்ட கத்திச் சொல்லணும். மொத்த பில்டிங்குக்கும் கேக்கும்."

இதற்குள் ஹாலித் ஒரு காதில் பஞ்சை அடைத்து, மறு காதில் மலிவான இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டு மாலை வேலை பார்த்திருந்தான். அடித்ததை ஐந்து தடவை சரிபார்த்தும் பயம் போகவில்லை. மூன்றாவது எச்சரிக்கை எந்நேரமும் வரலாம். அவன் பக்கத்து வீட்டுக்கு எழுந்து போனான்.

"அங்கிள்! ஸ்ரீரங்கத்துல ஒரு கம்பெனில விழா! பெரியவங்க ஒருத்தர் வந்து பேசணுமாம்! நான் உங்க பேரக் குடுத்திருக்கேன்!"

அற்புதசாமி அவனையே பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஏழு மணிக்கு வந்தது.

"டெல்பின்! உங்கப்பாவ சிறப்பு விருந்தினரா கூப்ட்டிருக்காங்கம்மா! ஸ்ரீரங்கத்துல! ஆமா, பேசணுமாம்! நம்ம ஹாலித் தம்பிதான் ஏற்பாடு!"

தட்டச்சுப் பலகையின் மேல் ஹாலித்தின் விரல்கள் நின்றன. காதில் இருந்த பஞ்சு ஒன்றுக்கும் உதவவில்லை.

குறித்த நாளில் அற்புதசாமி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு அணிந்திருந்தார். இருவரும் சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்கள். வழி நெடுக அவர் தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது கண்டக்டர் வந்து, "பெரியவரே, கொஞ்சம் மெதுவாங்க. டிரைவருக்கு ஹார்ன் அடிச்சமா இல்லையான்னே தெரியலையாம்" என்றார். கண்டக்டர் ஏதோ வாழ்த்துகிறார் என்று நினைத்து அற்புதசாமி கும்பிட்டார். ஹாலித் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் ஓடினால் அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஸ்ரீரங்கம் சோதனைக் கூடத்துக்கு ஜன்னலே இல்லை. சுவர், கதவு, கூரை எல்லாவற்றிலும் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. தில்லை நகரில் ஆட்டோச் சத்தம் கலந்துவிடும் என்பதால்தான் சோதனையை இங்கே வைத்திருந்தார்கள். மண்டலச் சத்தச் சான்று அலுவலர் மகாலட்சுமி இருவரையும் வரவேற்றார். பட்டுப் புடவையும் கை நிறைய வளையலுமாக, நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"வாங்க வாங்க! இவர்தானா?" என்று அற்புதசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"வணக்கம்மா!" என்றார் அற்புதசாமி.

மேசை மேல் இருந்த சத்தம் அளக்கும் கருவியின் முள் துள்ளியது. மகாலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. "இப்பல்லாம் எல்லாம் கலப்படம் சார். பாதிப் பேரு சத்தம்னு சொல்லிட்டு இருமலக் கொண்டாராங்க. இவ்வளவு சுத்தமான சத்தம் எங்க மண்டலத்துக்கே பெருமை. இவர மாதிரி தெருவுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு விளம்பரமே வேணாம்."

அற்புதசாமியை மேடை போலிருந்த இடத்தில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். எதிரே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஹாலித்தை உட்கார வைத்து, சீலை உடைத்துப் பழைய ஹெட்போனை மாட்டிவிட்டு, கதவைப் பூட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். மேடையில் சொல்வது உள்ளே ஒலிபெருக்கியில் வரும், அது காதில் விழும்போதெல்லாம் அவன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அற்புதசாமியின் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும்.

அற்புதசாமி எழுந்து பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம்! நான் பாய்லர் பட்டறையில இருந்தவன்!"

ஹாலித் அழுத்தினான். விளக்கு எரிந்தது. அது கைதட்டலுக்குப் பதிலாக எரிகிறது என்று நினைத்து அவர் புன்னகை செய்தார்.

"ரிட்டயர் ஆனப்புறம் ஒண்ணு கவனிச்சேன்! நான் ஏதாவது கேட்டா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடறாங்க! கடைக்காரர் தலையாட்டறார்! கோயில்ல ஃபாதர் தலையாட்டறார்! எனக்குக் கேக்கற மாதிரி பேசறது அவங்களுக்குச் சிரமம்! தப்பில்ல! ஆனா இந்த ஹாலித் தம்பி இருக்காரே! தொண்டை கிழியக் கத்தியாவது எனக்கு பதில் சொல்லாம போனதில்ல!"

ஒவ்வொரு வார்த்தையும் ஹாலித்துக்குத் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அழுத்தினான். அழுத்தாமல் விட்டால் ஹெட்போன் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடுவார்கள். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, அற்புதசாமி விளக்குக்குக் கும்பிடு போட்டார்.

பிறகு ஒலிபெருக்கியில் மகாலட்சுமி சொல்ல, அவன் புதியதை எடுத்து மாட்டிக்கொண்டான். குரல் அடியோடு அறுந்துபோனது. அற்புதசாமியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நடுவில் அவர் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்தார். எதற்கென்று ஹாலித்துக்குக் கேட்கவில்லை. மேம்பாடு வெற்றி என்று மகாலட்சுமி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவன் ஹெட்போனைக் கழற்றியதும் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. "அதை அந்தப் பொந்து வழியா வெளிய குடுங்க சார். கடைசியா சத்தத்தோட ஒப்புதல் வாங்கணும்."

"என்ன ஒப்புதல்?"

பொந்து வழியாக ஹெட்போன் போய்விட்டது. ஆனால் அவன் கேட்டது போகவில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்காது, மகாலட்சுமி தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார்.

"சட்டப்படி சத்தத்துக்கும் தெரிவிக்கணும் சார். தெரிவிக்காம அடக்கிட்டா நாளைக்குச் சத்தம் கோர்ட்டுக்குப் போயிடும். இந்தப் புது ஹெட்போன்லயே வெளியில பேசறத பெருசாக்கிக் காட்டற வசதியும் இருக்கு. இவருக்கு அதப் போட்டுதான் படிச்சுக் காட்டணும்."

ஹாலித் எழுந்து கண்ணாடியில் அடித்தான். "வேணாம் மேடம்! அவருகிட்ட படிக்காதீங்க! எனக்கு ஹெட்போனே வேணாம்!" கம்பெனி ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படும் கண்ணாடி அது. குரல் துளிகூட வெளியே போகவில்லை. ஒலிபெருக்கியையும் மகாலட்சுமி அணைத்துவிட்டார்.

மகாலட்சுமி ஹெட்போனை அற்புதசாமியின் தலையில் மாட்டி ஒரு பொத்தானைத் திருகினார். அற்புதசாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். கூரையில் ஏசி ஓடுவதைப் பார்த்தார். மகாலட்சுமியின் வளையலைப் பார்த்துச் சிரித்தார். தன் பொன்னாடையை இரண்டு விரலால் உரசி, உரசியது கேட்டு, கண்ணாடிக்குள் இருந்த ஹாலித்தை நோக்கி அதைத் தூக்கிக் காட்டினார். ஹாலித் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றான். அற்புதசாமியும் பதிலுக்குக் கையாட்டினார்.

மகாலட்சுமி படிக்கத் தொடங்கினார். ஹாலித்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தினமும் மாலையில் பக்கத்து வீட்டு அற்புதசாமி என்னும் சத்தத்தால் விண்ணப்பதாரர் ஹாலித் நிம்மதி இழந்து, பிழைப்பு இழக்கும் நிலைக்கு வந்து, அதைத் தன்னிடம் வராமல் அடக்கித் தருமாறு கோருகிறார். அதற்குக் கீழே அவனே கையெழுத்துப் போட்டிருந்தான்.

அற்புதசாமியின் கை இறங்கியது. அவர் உதடு அசைந்தது. முள் அசையவில்லை. மகாலட்சுமி காதருகே கையைக் குவித்து, சத்தமாகச் சொல்லும்படி கேட்டார். அவர் மறுபடி சொன்னார். முள் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றி, உடைந்துவிடக் கூடாத பொருளை வைப்பது போல மேசையில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

கைதட்டினால் சத்தம் வரும் என்பதால் எல்லாத் தோழர்களும் கையைக் காற்றில் ஆட்டி வாழ்த்தினார்கள். வாடிக்கையாளர், ஹெட்போன், சத்தம் என்று மூவரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அற்புதசாமி பொன்னாடையோடு நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவரே டிக்கெட் கேட்டார். கண்டக்டர் குனிந்து, "என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். அவர் இரண்டு விரலைக் காட்டினார். ஹாலித் அங்கிள் அங்கிள் என்று இரண்டு தடவை கத்தினான். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் போன் மணி அடித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஹாலித் புதிய ஹெட்போனை மாட்டிப் பார்த்தான், கழற்றிப் பார்த்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருவாரம் அவன் அடித்தது எல்லாம் சரியாக இருந்தது. கம்பெனி பாராட்டி எழுதியது. அதைப் படிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"அங்கிள் ஊர்லதான் இருக்காரா?" என்று மஹ்ஜபீன் கேட்டாள். "குழந்தைகூட அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கு."

எட்டாம் நாள் மாலை சித்தார்த்தன் போன் செய்தார்.

"சத்தத் தொடர்ச்சி சரிபார்க்கிறோம் சார். பின்னணியில ஒண்ணும் கேக்கலையே?"

"நின்னுபோச்சு."

"நிக்கக் கூடாதே சார். சத்தம் இல்லாத இடத்துல வெச்சிருந்தா பொருள திருப்பி எடுத்துக்கச் சொல்லி விதி. போய் அவர ஏதாவது பேச வைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஹாலித் போனைக் கட்டில் மேல் வைத்தான். ஹெட்போனைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். அற்புதசாமி திறந்தார். உள்ளே மேசை மேல் போனில் டெல்பினின் முகம் தெரிந்தது. அவள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருந்தார்.

ஹாலித் பெட்டியை நீட்டினான். "இத நீங்க வெச்சுக்குங்க அங்கிள்! உங்களுக்குத்தான் இது!"

அவர் அதைத் தொடவில்லை. உதட்டருகே காது வைத்தால்தான் கேட்கும் அளவுக்குச் சொன்னார். "வேணாம் தம்பி. அதப் போட்டா எல்லாம் கேக்குது."

ஹாலித்துக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கம்போல், வழக்கத்தைவிடப் பலமாக, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினான். "மன்னிச்சிடுங்க அங்கிள்! தப்புப் பண்ணிட்டேன்! நீங்க பேசுங்க! எப்பவும் போல பேசுங்க!"

அற்புதசாமி பதறிப்போய் அவன் வாயருகே கையைக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"மெதுவா தம்பி, மெதுவா. பக்கத்து வீட்டுல வேலை பாக்குறாங்க."